மைலுக்கு எத்தனை காசு?

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு என் அக்காவிடமிருந்து டெலிபோன் வந்தது. பத்து மணிக்கு மேல் அக்கா கூப்பிட்டால் ஒன்று யாருக்காவது உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இல்லாவிட்டால் மாப்பிள்ளை ஏதோ செய்துவிட்டார் என்று அர்த்தம். இந்தத் தடவை மாப்பிள்ளை.

“தம்பி, மாப்பிள்ளை ஏதோ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறாராம். அதிலே ரெண்டே ரெண்டு பேர்தான் உட்காரலாமாம். குழந்தையை எங்கேடா வைக்கிறது? டிக்கியிலா?”

அக்காவின் பெண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் இருக்கிறார்கள். குழந்தையை ஏற்றிக்கொண்டு போக வீட்டில் வேறு கார் இருக்கிறது. அதனால் டிக்கி விஷயம் அவ்வளவு அபாயமில்லை. சங்கடம் வேறு. மாப்பிள்ளையின் ஆபீஸ் அறுபது மைல் தூரத்தில் இருக்கிறது. போக அறுபது, வர அறுபது. சனி ஞாயிறு சுற்றுவதையும் சேர்த்தால் வருஷத்துக்கு 30,000 மைல். “இத்தனை மைல் போகிறவன் கொஞ்சம் சந்தோஷமாகப் போகக் கூடாதா?” என்பது மாப்பிள்ளையின் கட்சி. “அந்தச் சந்தோஷத்துக்கு மாதம் என்ன வாடகை?” என்பது பெண்ணின் கட்சி. மூன்று நாளாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லையாம்.

“நீதான் பத்திரிகையில் எழுதுகிறவன் ஆச்சே! கணக்குப் போட்டு, வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதிவிடு” என்றாள் அக்கா.

கணக்குப் போடச் சம்மதித்தேன். ஆனால் விடையை முதலில் எழுதிவிட்டு அப்புறம் கணக்குப் போடும் வித்தையைப் பள்ளிக்கூடத்திலேயே செய்து பார்த்து, பிரம்படி வாங்கியவன் நான். ஆகையால் முறையாகவே ஆரம்பித்தேன். ஸ்போர்ட்ஸ் காரில் தினந்தோறும் நெடுந்தூரம் போன மனிதர் யாராவது உண்டா என்று தேடினேன். அகப்பட்டார் ஓர் ஆசாமி. அவரும் அமெரிக்கர்தான், நியூ யார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வசித்த விஞ்ஞான உபாத்தியாயர். பெயர் இர்வ் கார்டன்.

1966-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி கார்டன் ஒரு சிவப்புக் கார் வாங்கினார். ஸ்வீடன் தேசத்து வோல்வோ கம்பெனியின் ‘1800 எஸ்’ என்ற ஸ்போர்ட்ஸ் கார். விலை 4,150 டாலர். ஒரு வாத்தியாருக்கு அன்று அது சாமான்யப் பணமா? ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளம்! புதுக் காரை வீட்டு வாசலில் நிறுத்திப் பொட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிராமல், ஏறி உட்கார்ந்து ஓட்டினார், ஓட்டினார், ஓட்டிக்கொண்டே இருந்தார். சில நாளைக்குள் 1,500 மைல் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போய் வர அவருக்குத் தினம் 125 மைல். நம் மாப்பிள்ளைக்கு அண்ணன்!

பத்து வருஷத்தில் 5 லட்சம் மைல். 1987-இல் 10 லட்சம். 1998-இல் கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைத்தது. 2002-இல் 20 லட்சம். 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் ஒரு நெடுஞ்சாலையில் 30 லட்சமாவது மைலைத் தாண்டினார். அதே மனிதர், அதே கார். பூமியை ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 25,000 மைல். ஆகவே 120 தடவை பூப்பிரதட்சிணம் செய்ததற்குச் சமானம்!

இப்போது கணக்கைப் பார்க்கலாம். 4,150 டாலரை 30 லட்சம் மைலால் வகுத்தால், ஏழு மைலுக்கு ஒரு சென்ட் கூட விழவில்லை. ஒரு வருஷச் சம்பளத்தை விழுங்கிய கார், ஓட ஓட இனாமாகவே ஆகிவிட்டது.

ஆனால் காரின் விலைதான் இனாமாயிற்று. பெட்ரோல் இனாமாகுமா? அமெரிக்காவில் பெட்ரோலைக் காலன் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு காலன் என்பது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காலனுக்கு 25 மைல் என்று வைத்துக்கொண்டால், 30 லட்சம் மைலுக்கு 1,20,000 காலன். 1966-இல் அங்கே ஒரு காலன் 32 சென்ட் சுமாருக்கு விற்றது. 2013-இல் மூன்றரை டாலர். குத்துமதிப்பாக ஒன்றரை டாலர் என்று போட்டால் 1,80,000 டாலர் ஆகிறது. காரின் விலையைப் போல் நாற்பத்து மூன்று மடங்கு! இவ்வளவு பணத்தைக் கொண்டு போகிறவனுக்குக் காலன் என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம், பாருங்கள்.

டயர் இருக்கிறது. நாற்பதாயிரம் மைலுக்கு ஒரு ஜதை, அதாவது நாலு டயர், மாற்றினார் என்று வைத்தால் எழுபத்தைந்து தடவை மாற்றியிருக்க வேண்டும். மொத்தம் முந்நூறு டயர். ஆயிலையோ 3,000, 3,500 மைலுக்கு ஒரு தரம் தவறாமல் மாற்றுவது அவர் வழக்கம். 30 லட்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஆயிரம் தடவைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இத்தனைக்கும் நடுவில் என்ஜினைப் பிரித்துப் புதுப்பித்தது இரண்டே முறை. முதல் முறை 6,80,000 மைல் ஓடிய பிறகுதான்.

“அப்படியானால் ஸ்போர்ட்ஸ் கார் என்றைக்கும் உழைக்கும் என்றுதானே ஏற்படுகிறது?” என்று மாப்பிள்ளை இந்த இடத்தில் துள்ளிக் குதிப்பார். கொஞ்சம் பொறுங்கள், மாப்பிள்ளை! அந்தக் காரின் உள்ளே எட்டிப் பாருங்கள்.

வெளிப்பார்வைக்கு அது ராஜகுமாரன். உள்ளே இருந்ததோ உழவு மாடு. வோல்வோ கம்பெனி அதே காலத்தில் விற்றுக்கொண்டிருந்த சாதாரணக் குடும்பக் காரின் அங்கங்களைத்தான் பெரும்பாலும் அதில் வைத்திருந்தார்கள். வார்ப்பிரும்பில் செய்த நாலு சிலிண்டர் என்ஜின். அதன் நடு அச்சை மூன்று இடத்தில் தாங்கினால் போதும் என்று பலர் நினைத்த காலத்தில் ஐந்து இடத்தில் பேரிங் வைத்துத் தாங்கியிருந்தார்கள். டயர்களும் இந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காருக்கு இருப்பது போல் அகலமானவை அல்ல; ஒல்லியானவை. ஓவர் டிரைவ் என்று ஒரு வசதி வேறு. நெடுஞ்சாலையில் அதைப் போட்டுவிட்டால் வேகம் குறையாமலே என்ஜின் மெதுவாகச் சுற்றும்.

அதோடு, கார்டன் ஓட்டிய மைல்கள் நல்ல மைல்கள். கார் தேய்வது ஓடும்போது என்று நினைக்கிறோம். உண்மையில் என்ஜின் அதிகமாகத் தேய்வது காலையில் கிளப்பும் அந்தச் சில நிமிஷங்களில்தான். இரவெல்லாம் ஆயில் கீழே வடிந்து போயிருக்கும். உலோகத்தோடு உலோகம் உராயும். எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலக்கும். அறுபது மைல் போகிற கார் இதை ஒரு தடவை அநுபவித்துவிட்டு, அப்புறம் சூடேறிச் சுகமாக ஓடுகிறது. கலந்த ஈரமும் ஆவியாகிவிடுகிறது. தினம் இரண்டு மைல் கடைத்தெருவுக்குப் போய் வரும் காருக்கு எந்நாளும் காலை வேளைதான்! வெயில் படாமல், மழை படாமல் போர்வை போட்டு மூடி வைத்த கார்கள் வியாதியில் விழுவதும், இந்தச் சிவப்புக் கார் தேசம் சுற்றியதும் இதனால்தான்.

கார்டனிடம் ரகசியம் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான். காரோடு கொடுக்கும் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய். உரிய காலத்தில் செய். அசல் சாமானே போடு. உபதேசம் சின்னதுதான். ஆயிரம் தடவை கடைப்பிடிக்கிறவர் எத்தனை பேர்?

சரி, நம் மாப்பிள்ளையின் கணக்குக்கு வருவோம். அவர் கண் வைத்திருப்பது இந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். அகல டயர், உயர்ந்த ரகப் பெட்ரோல். விலைகளைச் சுமாராகத்தான் போட்டிருக்கிறேன். ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

வருஷம் 30,000 மைல். காலனுக்கு 25 மைல், விலை 4 டாலர் 20 சென்ட் என்றால் பெட்ரோலுக்கு 5,040 டாலர். சாதாரணக் கார் 40 மைல் கொடுக்கும், மூன்றரை டாலர் பெட்ரோல் போதும், ஆகவே 2,625. வேகத்தில் சாலையைப் பிடித்துக்கொள்வதற்காக ஸ்போர்ட்ஸ் டயரின் ரப்பரை மிருதுவாகச் செய்திருப்பார்கள். மிருதுவானது சீக்கிரம் கரையும். 15,000 மைலுக்கு ஒரு ஜதை என்றால் வருஷத்துக்கு இரண்டு ஜதை, 2,000 டாலர். சாதாரணக் காருக்கு 360 போதும். ஆயிலுக்கு 480, அதற்கு 280. இன்ஷ்யூரன்ஸ் 2,200, அதற்கு 1,700. நாற்பதாயிரத்துக்கு வாங்கி, ஐந்து வருஷத்தில் ஒன்றரை லட்சம் மைல் ஓட்டிவிட்டுப் பன்னிரண்டாயிரத்துக்கு விற்றால் விலை நஷ்டம் வருஷத்துக்கு 5,600. சாதாரணக் காருக்கு 4,000.

கூட்டினால் ஸ்போர்ட்ஸ் காருக்கு 15,320 டாலர். மைலுக்கு 51 சென்ட். சாதாரணக் காருக்கு 8,965. மைலுக்கு 30 சென்ட். வித்தியாசம் 6,355. நாளொன்றுக்குப் பதினேழு டாலர் சொச்சம். பெண் கேட்டாளே, சந்தோஷத்துக்கு என்ன வாடகை என்று? இதுதான் வாடகை.

“ஓட ஓட மைலுக்கு மலிவு” என்று மாப்பிள்ளை கார்டனைச் சாட்சிக்கு அழைப்பார். வாஸ்தவம். மலிவாவது காரின் விலை மட்டும். பெட்ரோலும் டயரும் முதல் மைலில் கேட்ட காசையே கடைசி மைலிலும் கேட்கும். கொஞ்சமாக ஓட்டுகிறவனுக்குக் காரின் விலைதான் பெரிய செலவு. நிறைய ஓட்டுகிறவனுக்கு ஓட்டமேதான் பெரிய செலவு. அதனால்தான் தினம் நெடுந்தூரம் போகிறவர், ராஜகுமாரன் சட்டைக்குள் உழவு மாடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இவ்வளவும் போட்டு முடித்துப் பேனாவை மூடப் போனேன். அப்போதுதான் ஏட்டில் ஏறாத ஒரு செலவு கண்ணில் பட்டது.

மணிக்கு 50 மைல் என்று வைத்துக்கொண்டால், கார்டன் 30 லட்சம் மைல் போக 60,000 மணி நேரம். இரவு பகலாக எண்ணினால் 2,500 நாள். ஏறக்குறைய ஏழு வருஷம் அந்த ஒரு ஆசனத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்! அவருக்கு அது செலவு அல்ல, வரவு. சாலையே அவருக்குச் சொர்க்கம். 2018-இல் சீனாவுக்குப் போயிருந்த இடத்தில் அவர் காலமானபோது, அந்தக் கார் 32 லட்சம் மைலைத் தாண்டியிருந்தது. மனதுக்குப் பிடித்ததைச் செய்து முடித்தவர். அவரைப் பற்றி நாம் வருத்தப்பட வேண்டியதில்லை.

மாப்பிள்ளைக்கோ வருஷம் 600 மணி நேரம். அதாவது இருபத்தைந்து நாள், இருபத்தைந்து ராத்திரி. வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை. காலையில் அப்பா கிளம்பும்போது அது தூங்குகிறது. ராத்திரி அப்பா வரும்போதும் தூங்குகிறது. இந்த இருபத்தைந்து நாளுக்கு எந்தக் காலன், எத்தனை சென்ட்?

பெண்ணும் மாப்பிள்ளையும் 6,355 டாலருக்காகச் சண்டை போட்டார்கள். எந்தக் கார் வாங்கினாலும் போகப் போகிற 8,965 டாலரைப் பற்றியோ, அந்த 600 மணியைப் பற்றியோ ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆகையால் அவர்களுக்கு இப்படி எழுதினேன்:

“காரை அப்புறம் பாருங்கள், முதலில் வீட்டைப் பாருங்கள். ஆபீஸுக்குப் பதினைந்து மைலுக்குள் ஒரு வீடு அகப்பட்டால், ஆபீஸ் ஓட்டம் வருஷத்துக்கு 7,200 மைலாகச் சுருங்கும். பெட்ரோலிலும் டயரிலும் இப்போது நாலாயிரம் டாலராக நிற்கிற வித்தியாசம் ஆயிரத்துக்கு வந்துவிடும். வீட்டு வாடகை கூடுமே என்றால், மிச்சமாகும் பெட்ரோலும் டயரும் கொஞ்சம் ஈடு கட்டும். மிச்சமாகும் மணிகளுக்கு ஈடே கிடையாது. அப்புறம் மாப்பிள்ளை தாராளமாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கட்டும். குழந்தை விழித்திருக்கும்போது வீட்டுக்கு வந்து சேரட்டும். ஆயிலை மட்டும் காலத்தில் மாற்றச் சொல்.”

நேற்று ராத்திரி மறுபடியும் பத்து மணிக்கு அக்கா.

“ஏண்டா தம்பி, கார் வேண்டாம் என்று எழுதச் சொன்னால், வீட்டையே மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறாயே!”

“அவர்கள் என்ன சொல்கிறார்கள், அக்கா?”

“என்ன சொல்வார்கள்? பேச ஆரம்பித்துவிட்டார்கள். ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து உன்னைத்தான் திட்டுகிறார்களாம்!”

கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன்.