பிழையை ஒப்புக்கொள்ளும் அளவை

அறுவடைக் காலத்தில் மேலூர், வாடிப்பட்டி வட்டாரங்களின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெற்குவியலுக்கு அருகே விவசாயிகள் காத்திருப்பது பழகிப்போன காட்சி. காத்திருப்புக்கான காரணங்களுள் ஒன்று, ஈரப்பதமானி காட்டும் எண். 17 சதவீதத்துக்குள் இருந்தால் கொள்முதல். மிஞ்சினால் நெல்லை மீண்டும் காயவைக்க வேண்டும். அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எவரும் கேட்பதில்லை.

இதே கேள்வியை அறிவியல் உலகம் கிலோகிராமைப் பற்றிக் கேட்டது. 1889 முதல் உலகின் கிலோகிராம் என்பது பாரீஸ் நகருக்கு அருகே காக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளை. அதன் 57-ஆம் எண் பிரதி புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உள்ளது. ஏறத்தாழ நூறாண்டுகளில் மூல உருளைக்கும் பிரதிகளுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் விலகல் தென்பட்டது. எனவே, மாறாத இயற்கை மாறிலி ஒன்றைத் தேடினர். ஒரு கிலோ எடையுள்ள சிலிக்கான் கோளத்தில் எத்தனை அணுக்கள் உள்ளன என்று கணக்கிடுவது அதற்கான வழிகளில் ஒன்று.

அதற்கு சிலிக்கானின் மோலார் நிறை துல்லியமாகத் தெரிய வேண்டும். இயற்கைச் சிலிக்கான் 28, 29, 30 என்னும் மூன்று ஐசோடோப்புகளின் கலவை. கலவை விகிதம் இடத்துக்கு இடம் சற்று மாறுவதால், அதன் அணு எடையே இன்று 28.084 முதல் 28.086 வரை என்று ஒரு வீச்சாகத் தரப்படுகிறது. இயற்கைச் சிலிக்கானைக் கொண்டு பெற்ற முடிவு, மின்விசைத் தராசு வழியாகப் பெற்ற முடிவிலிருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் மேலாக விலகியது. விலகலை எவரும் மறைக்கவில்லை. 99.99 சதவீதம் சிலிக்கான்-28 கொண்ட படிகத்தை உருவாக்கி மீண்டும் அளந்தனர். 2015-இல் வெளியான முடிவின் ஐயப்பாடு பத்துக் கோடியில் இரண்டு பங்காகச் சுருங்கியது. இரு வழிகளும் ஒன்றுபட்ட பின்னரே, 2018 நவம்பர் 16-இல் வெர்சாயில் புதிய வரையறை ஏற்கப்பட்டு, 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

நெல்லும் ஒரு கலவைதான். தானியமும் நீரும் கலந்தது. குவியலின் மேற்புறமும் அடிப்புறமும் ஒரே ஈரத்தில் இருப்பதில்லை. தானியத்தின் வெப்பநிலையும் கருவியின் பராமரிப்பும் அளவீட்டைப் பாதிக்கும். கருவியின் பிழை அரை சதவீதம் என்று கொண்டால், 17.3 எனக் காட்டும் நெல்லின் உண்மையான ஈரப்பதம் 16.9 ஆகவும் இருக்கலாம். அந்த ஐயத்தின் சுமை முழுவதும் இன்று விவசாயியின் தலையில் விழுகிறது. இரவில் மழை பெய்தால் இழப்பும் அவருடையதே.

வரம்பே கூடாது என்பதல்ல வாதம். ஈர நெல் கிடங்கில் கெட்டால் நட்டம் பொதுமக்களுக்கே. பருவமழையைக் கருதி 2022-இல் தமிழகத்துக்கு 19 சதவீதம் வரை தளர்வு அளிக்கப்பட்டதும் உண்மை. ஆனால், வரம்பைத் தளர்த்துவது வேறு. அளவீட்டை நேர்மையாக்குவது வேறு. குவியலின் பல இடங்களில் மாதிரி எடுத்துச் சராசரி காண வேண்டும். கருவியைப் பருவந்தோறும் சரிபார்த்து, அதன் பிழை வரம்பை நிலையத்தின் முகப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். பிழை வரம்புக்குள் அடங்கும் ஐயத்தின் பலன் விவசாயிக்குக் கிடைக்க வேண்டும். மறுக்கப்பட்டவருக்கு மறுபரிசோதனை உரிமையும் எழுத்துமூலச் சீட்டும் தேவை. இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

பொருளியல் மாணவர்களுக்குப் புள்ளிவிவரம் கற்பித்த காலத்தில், பிழையின் அளவைச் சொல்லாத எண் பாதி உண்மையே என்று கூறுவது என் வழக்கம். அணுக்களை எண்ணியவர்கள் தங்கள் ஐயத்தை உலகறியச் சொன்னார்கள்; அதனாலேயே உலகம் அவர்களை நம்பியது. நெல்லை அளப்பவர்களும் அந்த நம்பிக்கையைப் பெற வேண்டும்.