பீங்கான் அடுப்பு: வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் பல குடும்பங்களில் இரண்டு பேச்சு எழும். எந்த ஊருக்குப் போவது என்பது ஒன்று. எந்த நாளில் எல்லாரும் கூடிக் கோழியும் மீனும் சுட்டுச் சாப்பிடுவது என்பது மற்றொன்று. இரண்டாவது பேச்சில் அண்மைக் காலமாக ஒரு புதிய பொருளும் இடம்பிடித்திருக்கிறது. முட்டை வடிவம், கனத்த மூடி, தோட்டத்து மூலையில் பளபளவென்று நிற்கும் பீங்கான் கரி அடுப்பு. பெயர்பெற்ற பெரிய வகைகளின் விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். அவ்வளவு பணத்துக்கு அது தகுமா?

பழைய அடுப்புதான்

இதைக் ‘கமாடோ’ என்கிறார்கள். ஜப்பானியர்கள் சோறு ஆக்கிய அடுப்பின் பெயர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்கப் படையினர், மண்ணால் செய்த இத்தகைய அடுப்புகளைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுசென்றார்கள். 1974ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் தொடங்கப்பட்ட ‘பிக் கிரீன் எக்’ நிறுவனம் முதலில் மண் அடுப்புகளை விற்றது. எளிதில் விரிசல் விடாமல் வெப்பத்தைத் தாங்கும் பீங்கானுக்குப் பின்னர் மாறியது.

நமக்கும் இது அந்நியமான பொருளன்று. தேக்கா வட்டார உணவகங்களில் நாண் சுடும் தந்தூரி அடுப்பும் சுவரில் வெப்பத்தைச் சேர்த்துவைத்துத்தான் வேலை செய்கிறது. நம் பாட்டிமார் வைத்திருந்த கும்முட்டி அடுப்பில் கீழ்வாசலில் விசிறினால் கங்கு சிவக்கும். பீங்கான் அடுப்பிலும் கீழே ஒரு காற்று வாசல், மூடியின் உச்சியில் இன்னொன்று. திறந்தால் சூடு ஏறும், குறைத்தால் தணியும். விசிறி மட்டும் தேவையில்லை.

எதற்கு நல்லது?

சுவர் தடிமனாக இருப்பதால் உள்ளே போன வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. காற்றோட்டம் குறைவு என்பதால் இறைச்சியின் ஈரமும் காய்ந்துபோவதில்லை. 110 பாகை செல்சியசில் மணிக்கணக்காக வைத்து ஆட்டுத்தொடையைப் பஞ்சுபோல வேகவைக்கலாம். அதே அடுப்பை 350 பாகை வரை ஏற்றி நாணோ பீட்சாவோ சுடலாம். ஒருமுறை நிரப்பிய கரி, மிதமான சூட்டில் பத்து மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். மாவு பூசி மூடிய தம் பிரியாணிச் சட்டியை உள்ளே வைத்தால், மூடிமேல் கங்கு போடாமலேயே நாலாபுறமும் சூடு கிடைக்கும். இந்த வேலைகளில் சாதாரண திறந்த அடுப்பு இதனுடன் போட்டியிட முடியாது.

ஆனால் நம் கூட்டங்களில் பெரும்பாலும் என்ன சுடுகிறோம்? சாத்தே, கோழி இறக்கை, இறால், வாழையிலையில் சம்பல் தடவிய திருக்கை. இவை சில நிமிடங்களில் வேகக்கூடியவை. லாவ் பா சாட் அருகே பூன் டாட் ஸ்திரீட்டில் மாலை நேரத்தில் சாத்தே வாட்டுபவர்களைப் பாருங்கள். நீளமான திறந்த அடுப்பு, கையில் விசிறி, அவ்வளவுதான். மூடியே இல்லை. இறக்கைக்கும் சாத்தேக்கும் மட்டும் பீங்கான் அடுப்பு வாங்குவது, பக்கத்துக் கடைக்குப் போக லாரி வாங்குவதைப் போன்றது.

எங்கே வைப்பீர்கள்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்க் குடும்பங்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் வீவக வீடுகளில் வசிக்கிறார்கள். தரைவீடுகளில் வசிப்போர் 5 விழுக்காட்டினர்தான். பீங்கான் அடுப்பு உண்மையில் அந்த ஐந்து விழுக்காட்டுக்காகச் செய்யப்பட்ட பொருள்.

வீவக நடைபாதை வீட்டின் பகுதியன்று, அவசரத்தில் தப்பிக்கும் வழி. அங்கே குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் வழி விடவேண்டும். அங்கே கரி மூட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். கூட்டுரிமை வீட்டு மாடத்தில் வைக்க நினைப்பவர்கள் முதலில் நிர்வாகத்தின் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விதி இடம் கொடுத்தாலும், மேல்மாடியில் காயும் துணிக்கும் அங்கே இருக்கும் குழந்தையின் மூச்சுக்கும் புகை போகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மழை வந்துவிட்டதே என்று எரியும் கரியை வீட்டுக்குள்ளோ, அடைப்பான பின்கட்டுக்கோ கொண்டுபோகாதீர்கள். கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றும்போதுதான் தெரியும். உயிரையே பறித்துவிடும்.

பூங்காவுக்குத் தூக்கிச் செல்லலாமே என்றால், பெரிய வகை 70 கிலோவுக்கு மேல் இருக்கும். சின்னதுகூட அரிசி மூட்டையாகக் கனக்கும், கீழே விழுந்தால் உடையும். அதோடு, பூங்காக்களில் அனுமதி பெற்று அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே தீ மூட்டலாம்.

கணக்குப் போடுவோம்

அடுப்பின் விலை 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு உழைக்கிறது. வாரம் ஒருமுறை பயன்படுத்தினால் 520 முறை, ஒரு தடவைக்கு நான்கு வெள்ளிகூட ஆகாது. தீபாவளி, புத்தாண்டு, இரண்டு பிறந்தநாள் என ஆண்டுக்கு நான்கே முறை என்றால் ஒரு தடவைக்கு 50 வெள்ளி. கரி குறைவாகச் செலவாகும் என்று விற்பவர் சொல்வது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு நான்கு மூட்டையில் மிச்சப்படுத்தி 2,000 வெள்ளியை எப்போது ஈடுகட்டுவது?

பராமரிப்பும் உண்டு. நம் ஈரக்காற்றில், சில வாரம் மூடியே கிடந்தால் உள்ளே பூஞ்சை படியும். அப்போது வெறும் அடுப்பை நன்றாகச் சூடேற்றிச் சுரண்டித் துடைக்கவேண்டும். சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். சூடு ஒருமுறை எல்லை மீறிவிட்டால் இறங்க வெகுநேரம் ஆகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகவே ஏற்றவேண்டும். மூடியைச் சட்டென்று திறந்தால் காற்று புகுந்து தீ முகத்தில் பாயும். இரண்டு விரல் அளவு தூக்கி, சற்றுப் பொறுத்து, பிறகு திறக்கவேண்டும்.

யார் வாங்கலாம்?

தரைவீடு, கூரையுள்ள திறந்த முற்றம், மாதம் இரண்டு முறையாவது நிதானமாகச் சமைக்க ஆள் இருக்கும் குடும்பம் என்றால் தாராளமாக வாங்குங்கள். முட்டை அடுப்பு உங்களை ஏமாற்றாது.

மற்றவர்களுக்கு ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், வெஸ்ட் கோஸ்ட் பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகம் அடுப்புகளைக் கட்டியே வைத்திருக்கிறது. விடுமுறை வார இறுதிகளில் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை நல்ல கரிக்குச் செலவிடுங்கள். பேராக் மாநிலத்தின் கோலா செப்பெத்தாங்கில் அலையாத்தி மரத்தைப் பெரிய குவிமாடச் சூளைகளில் குறைந்த காற்றில் வாரக்கணக்கில் வேகவைத்துக் கரியாக்குகிறார்கள். அத்தகைய கட்டிக்கரி நின்று எரியும், சாம்பலும் குறைவு. பற்றவைத்ததும் இறைச்சியைப் போடாதீர்கள். கரிமேல் வெண்சாம்பல் படியும்வரை காத்திருங்கள். கங்கை ஒருபக்கம் ஒதுக்கிவைத்து, மறுபக்கத்தில் கோழித் தொடைகளை வைத்து, பெரிய அலுமினியத் தட்டால் மூடிப் பாருங்கள். கமாடோவின் வேலையில் பாதியையாவது அது செய்துவிடும்.