வைத்திய மாணவனுக்கு எந்த முயற்சியாண்மை?

மருத்துவ பீடங்களிலும் முயற்சியாண்மையும் புத்தாக்கத் திறனும் கற்பிக்கப்படல் வேண்டும் என்ற குரல் இன்று உரத்து ஒலிக்கின்றது. இதனை முற்றாக நிராகரிப்போர் உளர். நோயறிந்து மருந்தெழுதுவதோடு வைத்தியனின் கடமை முடிவடைகின்றது என்பது அவர்தம் வாதம். கண்ணை மூடிக்கொண்டு வரவேற்போரும் உளர். கம்பனி அமைத்தல், முதலீடு திரட்டல், காப்புரிமை பெறல் ஆகியனவே அவர்கள் கருதும் கல்வி. இரு சாராரும் தவறிழைக்கின்றனர் என்பதே எமது கருத்தாகும்.

1971ஆம் ஆண்டை நோக்குவோம். வங்காளதேசப் போரால் இடம்பெயர்ந்தோர் மேற்கு வங்கத்துப் பொன்கான் முகாமில் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தனர். நாளத்தினூடாகச் செலுத்தும் சேலைன் தீர்ந்துபோயிற்று. வைத்தியர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோசு, அப்பச்சோடா ஆகியவற்றை நீரிற் கரைத்து, உறவினர் கையாலேயே நோயாளருக்குப் பருகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த மரணம் 4இற்கும் கீழே வீழ்ந்தது. அக்கரைசலின் விஞ்ஞானம் முன்னரே அறியப்பட்டதுதான். பெருந்திரளான மக்களிடம் அதனைச் சேர்ப்பித்த முறையே புத்தாக்கம்.

அதே ஆண்டில் எமது நாட்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அதன் முதற்றலைவர் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்துகளை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் எழுதுதல், உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாகக் கொள்வனவு செய்தல் என்பன அவர் வகுத்த வழி. சந்தையின் கணக்கை அறியாத ஒருவரால் இது இயன்றிருக்குமா? அக்கணக்கைத் தன் இலாபத்துக்கென மட்டும் கற்ற ஒருவர்தாம் இதனை எண்ணியிருப்பாரா?

2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் எமது வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்தன. அத்தகைய நாளில் மருந்தெழுத மட்டும் தெரிந்தவனும் விற்க மட்டும் தெரிந்தவனும் ஒருங்கே பயனற்றவராவர்.

ஆதலால் இப்பாடம் கற்பிக்கப்படட்டும். ஆனால் விடுதியிலே கற்பிக்கப்படட்டும். பாடச்சுமை ஏற்கெனவே மிகுதி என்பது மெய்யே. புதிய விரிவுரைகள் வேண்டா. சமுதாய மருத்துவப் பயிற்சியின் ஒரு பகுதியே போதும். மாணவர் கிராமிய வைத்தியசாலை ஒன்றின் குறைபாடொன்றைத் தெரிந்தெடுத்து, தாதியரோடும் மருந்தாளரோடும் பொறியியல் மாணவரோடும் கூடித் தீர்வு காணட்டும். அதன் செலவைக் கணக்கிட்டு, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியுடன் பரீட்சித்துப் பார்க்கட்டும். திரட்டிய பணத்தைக்கொண்டன்றி, எத்தனை நோயாளரைச் சென்றடைந்தது என்பதைக்கொண்டே புள்ளி வழங்கப்படல் வேண்டும்.

இலவசக் கல்வியின் செலவைச் சுமப்போருள் தோட்டத் தொழிலாளியும் மீனவனும் அடங்குவர். அவர்கள் பணத்தில் உருவாகும் புத்தாக்கம் முதலில் அவர்களின் கட்டிலருகே வந்து சேரல் வேண்டும். பாடத்திட்டம் வகுக்கும் அறிஞர் பெருமக்களிடம் மாணவர் உலகம் வற்புறுத்திக் கேட்க வேண்டியது இதனையே.