ஒரு நிமிஷத்து மருந்து

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் கண்ட நாஞ்சில் நாட்டில், நெல்லுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து வீட்டுத் திண்ணை வரையில் வந்துவிட்ட காலம் இது. கொட்டாரத்திலோ அகஸ்தீஸ்வரத்திலோ அம்மருந்து யாருடைய உடம்பினுள்ளேனும் சென்றுவிட்டதென்று ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைகிறவர்கள், அதன் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்வது அவசியம். மயக்க மருத்துவர் எந்த ஊசியை எடுப்பது என்ற நிர்ணயம் அதையும் பொறுத்தது.

வயிறு நிறைந்த நோயாளி மயங்கியதும் உண்டது மேலேறி நுரையீரலுக்குள் புகும் அபாயம் உண்டாகையால், சில நிமிஷம் பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்து, மயக்க ஊசியையும் தசைகளைத் தளர்த்தும் ஊசியையும் அடுத்தடுத்து ஏற்றி, ஏறத்தாழ ஒரு நிமிஷத்தில் மூச்சுக்குழலில் குழாயைச் செலுத்திவிடுகிறார்கள். இந்த ஊழியத்தை 1950-களிலிருந்து செய்து வருவது, ஆபரேஷன் தியேட்டரில் ஸ்கோலின் என்று வழங்கும் சக்சினைல்கோலின். அது ஏறியதும் இமையிலிருந்து கால்விரல் வரையில் தசைகள் சிறு சிறு துடிப்பாகத் துடித்து அடங்கும். பத்து நிமிஷத்துக்குள் சுவாசம் பெரும்பாலும் தானே மீளும். குழாய் இறங்க மறுத்தாலும் நோயாளி மீண்டுவிடுவார் என்பது மருத்துவருக்கு ஒரு தைரியம். (அதற்குள் உடம்பிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோவதும் உண்டாகையால், முழுக்க நம்பத்தக்க தைரியம் அன்று.)

ஸ்கோலினைச் சிதைப்பது இரத்தத்திலுள்ள சூடோகோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து முடக்குவதில் இந்த நொதியும் ஒன்றாகையால், அத்தகைய நோயாளிக்குப் பத்து நிமிஷ மருந்து மணிக்கணக்கில் நின்றுவிடக்கூடும். பிறவியிலேயே இந்நொதி வேலை செய்யாதவர்களும் உண்டு. கோயம்புத்தூரில் வாழும் வைசிய சமூகத்தாரிடையே இக்குறை ஐரோப்பியரையும் அமெரிக்கரையும்விட ஏறத்தாழ 4,000 மடங்கு மிகுதி என்பதும், அதற்குக் காரணமான மரபணு மாற்றம் இன்னதென்பதும் 2006-இல் வெளியான, பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்ட ஆராய்ச்சியில் வெளிப்பட்டன. வெளிநாட்டுப் பாடநூல்கள் அபூர்வம் என்று ஒரு வரியில் கடந்துவிடுவது, நம் மாநிலத்தில் ஒரு தெருவில் சாதாரணமாக இருக்கலாம்.

மாற்றாக நிற்கும் ரோக்குரோனியம், கிலோ எடைக்கு 1.2 மில்லிகிராம் வீதம் கொடுத்தால் ஏறத்தாழ அதே வேகத்தில் வேலை செய்யும். அந்த நொதியை எதிர்பார்ப்பதுமில்லை. ஆனால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தங்கும். உடனே முறிக்கும் சுகமடெக்ஸ் விலை மிகுந்தது. விலையைக் காட்டி ஸ்கோலினையே பழக்கமாகப் பற்றிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. விஷமேறியவர் எப்படியும் சில நாள் வென்டிலேட்டரில் இருக்கப்போகிறவர். அவருக்கு ஒரு மணி நேரத் தளர்ச்சி என்ன பாரம்? தீக்காயத்திலோ முதுகுத்தண்டு முறிவிலோ சில நாள் கிடந்தவருக்கும், ஸ்கோலின் இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தி இதயத்தையே நிறுத்திவிடக்கூடுமாதலால், ரோக்குரோனியமே தக்கது. அவசர சிகிச்சைக்கு நோயாளிகள் வந்திறங்கும் அரசு மருத்துவமனை, தாலுக்கா அளவில் சிறியதாயினும், அதன் குளிர்ப்பெட்டியில் இரண்டு மருந்துகளும் இருத்தல் வேண்டும்.

இதனினும் செலவில்லாத காரியம் ஒன்றுண்டு. ஆபரேஷனுக்குப் பின் ஸ்கோலின் இறங்காமல் சுவாசம் மீளத் தாமதித்தவரை, பிழைத்தார் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு அனுப்பிவிடாமல், நடந்ததையும் மருந்தின் பெயரையும் தமிழில் எழுதி, அவரோடு பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமென்று குறித்து, ஒரு சீட்டை டிஸ்சார்ஜ் காகிதத்தோடு சேர்த்துக் கொடுக்கச் சுகாதாரத்துறை உத்தரவிடலாம்.