பெயரைத் தவிர வேறொன்றும் கேட்காதவன்

"அது விளையாட்டுதானே?" கணினி விளையாட்டு என்று பேச்சை எடுத்தவுடன் இலக்கிய நண்பர்களிடமிருந்து எங்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். கேட்பவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை எங்களில் பலரும் இதையே சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் இந்த அலட்சியத்தின் மறைவில் ஒரு காரியம் நடந்து முடிந்திருக்கிறது. சம்பளம் இல்லாமல், யாரும் ஏவாமல், இரவுகளில் கண்விழித்து நிரல் எழுதிய ஆர்வலர்களிடமிருந்து அவர்களுடைய ஆக்கம் மட்டுமல்ல, அதை ஆக்கியவர் தாமே என்று உரிமை கொண்டாடும் வழியும் ஓர் ஒப்பந்தப் பத்தியால் அடைக்கப்பட்டிருக்கிறது. எழுத்தாளனின் பெயருக்காக வாதாடி வந்திருக்கும் சிற்றிதழ் வாசகர்கள் இதைக் கண்டும் காணாமல் விடுவது தவறு என்பதே எங்கள் கட்சி.

கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். 2002-இல் அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 'வார்கிராஃப்ட் 3' என்ற வியூக விளையாட்டை வெளியிட்டது. பாசறை அமைத்து, பொன்னும் மரமும் சேர்த்து, படை திரட்டி எதிரியின் பாசறையை அழிப்பது ஆட்டம். குறுந்தகட்டில் ஆட்டத்தோடு 'வேர்ல்ட் எடிட்டர்' என்றொரு கருவியும் இருந்தது. அதைக் கொண்டு எவரும் புதிய நிலப்பரப்பை வரையலாம். 'ஜாஸ்' என்ற நிரல்மொழியில் எழுதி ஆட்டத்தின் விதிகளையே மாற்றலாம். இப்படி உருவானதை ஆட்டக்காரர்கள் 'மேப்' என்றார்கள். அக்கருவியில், ஆக்கத்தின் தலைப்பை எழுதும் கட்டத்தோடு ஆசிரியர் பெயரை எழுத இன்னொரு கட்டமும் இருந்தது. இந்தச் சிறிய கட்டத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

2003-இல் யூல் என்ற புனைபெயர் கொண்ட ஆர்வலர் ஒருவர் இக்கருவியால் 'டிஃபென்ஸ் ஆஃப் தி ஏன்ஷியண்ட்ஸ்', சுருக்கமாக 'டோட்டா', என்ற மேப்பை உருவாக்கினார். ஸ்டார்கிராஃப்ட் என்ற முந்தைய விளையாட்டுக்கு வேறொரு ஆர்வலர் செய்திருந்த 'ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப்' அதற்கு முன்னோடி. யூல் செய்த மாற்றம் பெரியது. பாசறை கட்டும் வேலையும் படை திரட்டும் வேலையும் போயின. படைகள் மூன்று பாதைகளில் தாமாகவே நடந்து வந்து மோதிக்கொண்டன. ஆட்டக்காரரின் கையில் எஞ்சியது ஒரே ஒரு வீரன். ஐவர் ஒரு பக்கம், ஐவர் மறுபக்கம். படையை மேலிருந்து நடத்தியவர் படைக்குள் ஒருவராக இறங்கினார். ஓர் இலக்கிய வகையிலிருந்து இன்னொன்று பிறப்பதைப் போன்ற நிகழ்வு இது.

இதற்குப் பின்னிருந்த உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாஸ் மொழி கருணையற்றது. ஒரு மந்திரம் வெடிக்கும் இடத்தைக் குறிக்க நிரலாளர் ஒரு புள்ளியை உருவாக்கினால், வேலை முடிந்ததும் அவரே அதை அழிக்க வேண்டும். மறந்தால் அது கணினியின் நினைவகத்தில் தங்கிவிடும். ஆயிரக்கணக்கான புள்ளிகள் இப்படித் தேங்கினால் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் திணறத் தொடங்கும். ஒரு வீரனின் வேகத்தைச் சற்றே கூட்டினால், அவனை எதிர்க்கும் அத்தனை வீரர்களின் கணக்கும் குலையும். மீண்டும் திருத்த வேண்டும், ஆடிப் பார்க்க வேண்டும், புதிய பதிப்பு வெளியிட வேண்டும். ஒரு கவிதையை இருபது முறை திருத்தி எழுதியவர்களுக்கு இந்த உழைப்பின் தன்மையை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

2004-இல் யூல் ஒதுங்கிக்கொண்டார். போகும்போது ஓர் அறிவிப்பு விட்டுச் சென்றார். விரும்பும் எவரும் தம் அனுமதியின்றியே இந்த ஆக்கத்தின் புதிய பதிப்பை வெளியிடலாம்; தம் பங்கை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும் என்பது அதன் சாரம். காசு கேட்கவில்லை, பங்கு கேட்கவில்லை. பெயரைத்தான் கேட்டார்.

தொடர்ந்து வந்தவர்கள் அதை மதித்தார்கள். கின்சூ, அவருக்குப் பின் ஐஸ்ஃப்ராக் என்று புனைபெயர்க்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக டோட்டாவை வளர்த்தெடுத்தார்கள். ஆட்டத்தில் வீரர்கள் வாங்கும் பொருள்களில் ஒன்றுக்கு 'யூலின் தெய்வீகச் செங்கோல்' என்று பொருள்படும் பெயர் அமைந்தது. இன்னொன்று கின்சூவின் பெயரைத் தாங்கியது. சட்டமும் வழக்கறிஞரும் இல்லாத இடத்தில் ஆர்வலர்கள் தமக்குள் காத்துக்கொண்ட மரபு இது.

பிறகு பணம் வந்தது. 2009-இல் ரயட் கேம்ஸ் நிறுவனம், கின்சூவையும் சேர்த்துக்கொண்டு, இதே வகையில் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதே ஆண்டு வால்வ் நிறுவனம் ஐஸ்ஃப்ராக்கை அமர்த்திக்கொண்டது. 2010-இல் டோட்டா என்ற பெயரை வணிகக் குறியாகப் பதிய விண்ணப்பித்தது. பிளிசார்ட் எதிர்த்தது. 2012 மே மாதம் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. வணிகப் பயன்பாடு வால்வுக்கு. வார்கிராஃப்டில் ஆட்டக்காரர்கள் உருவாக்கும் மேப்புகளுக்கு அப்பெயரை வணிகமின்றிப் பயன்படுத்தும் வசதி பிளிசார்டுக்கு. 2013-இல் 'டோட்டா 2' முறையாக வெளிவந்தது. 2011-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த முதல் பெரும்போட்டியில் பரிசுத்தொகை 16 லட்சம் டாலர். 2021-இல் ருமேனியாவில் நடந்த போட்டியில் அது 4 கோடி டாலரைத் தாண்டியது. ஓர் ஆர்வலர் ஓய்வு நேரத்தில் எழுதிய நிரலின் வழித்தோன்றல் இது.

இனி அந்த ஒப்பந்தப் பத்திக்கு வருவோம். 2020 ஜனவரியில் பிளிசார்ட் வார்கிராஃப்டின் புதுப்பித்த வடிவத்தை வெளியிட்டபோது, ஆட்டக்காரர்கள் உருவாக்கும் மேப்புகளுக்கான புதிய விதிமுறைகளையும் வெளியிட்டது. அவற்றின்படி, அக்கருவியால் உருவாக்கப்படும் எல்லா ஆக்கங்களும் பிளிசார்டின் தனிச்சொத்து. அதோடு நிற்கவில்லை. ஆக்கியவரின் தார்மீக உரிமைகளைச் சட்டப்படி மாற்றிக்கொடுக்க இயலாத நாடுகளில், இயன்ற எல்லைவரை அவற்றை அவர் துறந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஆக்கம் தன்னுடையது என்று சொல்வதும், அது சிதைக்கப்படுவதை எதிர்ப்பதும்தான் தார்மீக உரிமை. 2002-இல் 'ஆசிரியர் பெயர்' என்று கட்டம் வரைந்து கொடுத்த அதே நிறுவனம், பதினெட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டத்தின் பொருளை அழிக்கிறது. பழைய ஆட்டத்தை என்றோ காசு கொடுத்து வாங்கியவர்களும், நிறுவனத்தின் இணைய சேவையில் தொடர்ந்து ஆட இதற்குச் சம்மதிக்க வேண்டியிருந்தது.

எதிர்வாதங்கள் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. கருவி அவர்களுடையது என்பார்கள். அச்சு இயந்திரம் செய்தவர் அதில் அச்சான நாவலுக்கு உரிமை கோரினால் நாம் சிரிப்போம்; இங்கே மட்டும் ஏன் தலையாட்ட வேண்டும்? ஓவியங்களும் ஒலிகளும் பாத்திரங்களும் அவர்களுடையவை என்பார்கள். இது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறோம். அவற்றை விற்கும் உரிமை ஆர்வலருக்கு இல்லை என்று நிறுவனம் தடுக்கட்டும். ஆனால் தன் செங்கல்லை ஒருவர் பயன்படுத்தினார் என்பதற்காக, அவர் கட்டிய வீட்டைக் கட்டியவரும் தானே என்று செங்கல் சூளைக்காரர் சொல்ல முடியாது. டோட்டாவின் விதிகளையும் கணக்கையும் எழுதியவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

"சம்மதம் என்று பொத்தானை அழுத்தினார்களே" என்பது மூன்றாவது வாதம். நெடும்பக்கங்களை ஒரு பொத்தானுக்குப் பின்னால் வைத்து, மறுத்தால் வாங்கிய பொருளே முழுமையாகப் பயன்படாது என்ற நிலையில் பெறப்படும் சம்மதத்தின் மதிப்பு என்ன என்பதை வாசகர்களின் தீர்ப்புக்கே விடுகிறோம்.

நான்காவது வாதம்தான் மிகவும் தந்திரமானது. யூல், கின்சூ, ஐஸ்ஃப்ராக் மூவருக்கும் பெரிய நிறுவனங்களில் இடம் கிடைத்ததே, பிறகென்ன குறை என்பார்கள். கிடைத்தது உண்மை. ஏன் கிடைத்தது? அவர்களிடம் கொடுக்க ஏதோ ஒன்று இருந்ததால். கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில், டோட்டாவைப் படியெடுத்ததாக வேறொரு நிறுவனத்தின் மீது பிளிசார்டும் வால்வும் வழக்குத் தொடர்ந்தன. எதிர்த்தரப்பு யூலின் 2004 அறிவிப்பைக் காட்டி, அவர் உரிமையைக் கைவிட்டுவிட்டார் என்று வாதிட்டது. 2017-இல் நீதிபதி சார்ல்ஸ் பிரையர் அவ்வாறு உடனே தீர்ப்பளிக்க மறுத்தார். இந்த வழக்கில் இரு நிறுவனங்களும் டோட்டாவின் மீது கோரிய உரிமை எங்கிருந்து வந்தது? அந்த ஆர்வலர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட உரிமை மாற்றங்களிலிருந்து! ஆர்வலருக்கு உரிமை உண்டு என்பதையே ஏணியாக்கி நீதிமன்றத்தில் ஏறி நின்ற நிறுவனம், மூன்றே ஆண்டுகளில் அடுத்த ஆர்வலர் அந்த ஏணியில் கால் வைக்காதபடி எடுத்துவிட்டது. 2020-இன் விதி 2003-இலேயே இருந்திருந்தால், யூல் யாரிடமும் எதையும் கொடுத்திருக்க முடியாது. அவரிடம் எவரும் எதையும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

இதில் இலக்கிய வாசகர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டுச் சட்டத்தையே காட்டுகிறோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பின்னர் வந்த திருத்தங்களின்படி, கணினி நிரலை எந்த வகையில் சேர்க்கிறது தெரியுமா? 'இலக்கிய ஆக்கம்' என்ற வகையில்! நாம் நிரலாளரை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். சட்டம் அவரை நம் பந்தியில் உட்கார வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பதிப்புரிமையை முழுவதும் விற்ற பின்னும் ஆசிரியன் என்று உரிமை கோரும் தகுதி ஆக்கியவரிடம் எஞ்சியிருக்கும் என்கிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி, தம் நாவலைப் படமாக்கியவர்கள் சிதைத்துவிட்டதாக 1986-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்காடியது இந்தப் பிரிவின் பலத்தில்தான். அன்று அவர் பக்கம் நிற்பதே நியாயம் என்று நினைக்கும் வாசகர், இன்று நிரலாளர் விஷயத்தில் "விளையாட்டுதானே" என்று சொல்லிவிட்டு நகர முடியாது.

நம் தொகை நூல்களைத் தொகுத்தவர்களை எண்ணிப் பார்க்கிறோம். பாடல் கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் அந்த இடத்தில் தம் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. தொகுப்பித்த மன்னனின் பெயரையும் எழுதவில்லை. பாடலுக்குள் இருந்த தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயரிட்டு வைத்தார்கள். ஆக்கியவனுக்கு உரிய இடத்தை வேறு எவரும் நிரப்பக் கூடாது என்ற நாணயம் அவர்களிடம் இருந்தது. ஒரு செங்கோலுக்கு யூலின் பெயரை இட்ட ஆர்வலர்களிடமும் அதே நாணயத்தைத்தான் காண்கிறோம்.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. வணிக உரிமையை நிறுவனங்களும் ஆர்வலர்களும் பேரம் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஆசிரியர் பெயரை மட்டும் எந்த ஒப்பந்தமும் தொடக்கூடாது. பொத்தானை அழுத்தியதால் இழக்கும் பொருளாக அது இருக்கக்கூடாது. நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்யலாம். வீட்டில் பிள்ளையோ பேரனோ ஏதாவதொரு விளையாட்டுக்கு மேப் எழுதிக்கொண்டிருந்தால், படிப்பைக் கெடுத்துக்கொள்கிறான் என்று கடிந்துகொள்வதற்கு முன், என்ன எழுதுகிறாய் என்று அருகில் அமர்ந்து கேட்போம். ஆசிரியர் பெயர் என்ற கட்டத்தை அவன் நிரப்பியிருக்கிறானா என்றும் பார்ப்போம்.