பழைய வண்டிக்கு எந்த எண்ணெய்?



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று, ஒரு குடும்பத்தின் மனக்குழப்பத்தைச் சுமந்து வந்திருந்தது. கடற்கரையூர் ஒன்றைச் சேர்ந்த அச்சகோதரரின் மறைந்த வாப்பா, பிரிமியர் பத்மினி கார் ஒன்றை ஆசையோடு வைத்திருந்தார். இன்று அது காலையில் நீலப்புகை கக்குகிறது. சூடேறி நிற்கையில், எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு கண்சிமிட்டுகிறது. உள்ளூர் மெக்கானிக், "கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். வளைகுடாவில் பணிபுரியும் மச்சானோ, "என் காருக்கு 5டபிள்யூ-30தான், விலை உயர்ந்தது, அதையே போடுங்கள்" என்று தொலைபேசியில் வலியுறுத்துகிறார். மூன்றாமவர் ஒருவர், "தடித்த எண்ணெயை ஊற்றிப் புகையை அடக்கி, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்றாராம். "யார் சொல்வதைக் கேட்பது?" என்பதே கடிதத்தின் சாரம்.

முதலில் அவ்வெண்களின் பொருளை அறிந்துகொள்வோம். சர்க்கரைப் பாகு காய்ச்சும் நம் இல்லத்தரசியருக்கு இதனை விளக்குதல் எளிது. அடுப்பில் கொதிக்கும்போது நீராய் ஓடும் பாகு, ஆறியதும் கம்பியாய் இழுபடுகிறது. எண்ணெயின் இயல்பும் அதுவே: சூட்டில் இளகும், குளிரில் தடிக்கும். இத்தன்மையைப் பாகுநிலை என்பர். இதனை அளந்து தரம் பிரித்தது எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம்.

20டபிள்யூ-40 என்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதன் முன்னுள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 15 பாகையிலும், 5டபிள்யூ எண்ணெயைக் கீழே 30 பாகையிலும் வைத்துச் சோதிப்பர். பின்னுள்ள எண், 100 பாகை செல்சியஸ் சூட்டில் எண்ணெய்க்கு எஞ்சியிருக்கும் தடிப்பைக் குறிப்பது. அச்சூட்டில் 30ஆம் தரம் 9.3 முதல் 12.5 வரையிலும், 40ஆம் தரம் 12.5 முதல் 16.3 வரையிலும், 50ஆம் தரம் 16.3 முதல் 21.9 வரையிலும் சென்டிஸ்டோக் அளவு கொண்டிருக்கும்.

இனி மச்சானின் அறிவுரைக்கு வருவோம். நம் சமவெளியில் மார்கழிக் குளிர்கூட 20டபிள்யூ எண்ணெயின் எல்லையை நெருங்குவதில்லை. உறைபனி விழும் உதகையிலும் அது போதுமானதே. ஆகவே 5டபிள்யூவின் குளிர்த்திறனுக்கு இங்கே வேலையில்லை. பின்னெண்ணாகிய 30தான் இடர் தருவது. புதிய கார்களின் உறுப்புகள் மிக நெருங்கிய இடைவெளியில் பொருந்தியவை. மெல்லிய எண்ணெய்க்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பத்மினியின் 1089 சி.சி. இயந்திரமோ 1950களின் ஃபியட் அமைப்பின் வழிவந்தது. பல்லாண்டு ஓடித் தேய்ந்த பேரிங்குகளில் இடைவெளி மேலும் அகன்றிருக்கும். அங்கே மெல்லிய எண்ணெய் விரைந்து வழிந்தோடும், அழுத்தம் குறையும், உலோகத்தோடு உலோகம் உரசும்.

மற்றொரு காரணமும் உண்டு. கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி உரசும் இத்தகைய பழைய இயந்திரங்களுக்குத் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த தேய்மானத் தடுப்புப் பொருள் இன்றியமையாதது. புகைத்தூய்மைக் கருவிகளைக் காக்கும் பொருட்டு, 2004இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம் முதல், 10டபிள்யூ-30உம் அதனினும் மெல்லியவையுமான எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்று வரம்பிட்டனர். 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற தடித்த தரங்களை அவ்வரம்பு கட்டுப்படுத்துவதில்லை. மச்சானின் எண்ணெய் உயர்ந்ததே. ஆனால் அது அவருடைய காருக்கு உயர்ந்தது.

அப்படியானால் மெக்கானிக் சொன்னது முற்றும் சரியா? பாதி சரி. இத்தகைய பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு நம் நாட்டில் பெரிதும் வழங்கி வருபவை 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகியனவே. தேய்ந்த இயந்திரத்தில், கடுங்கோடையில், 40இலிருந்து 50க்கு ஒரு படி ஏறுவது தகும். ஆனால் 'எல்லாம் சரியாகிவிடும்' என்பதுதான் பிழை. எண்ணெய் தேய்ந்த உலோகத்தை மீண்டும் வளர்ப்பதில்லை. தேவைக்கு மிஞ்சித் தடித்த எண்ணெய், காலையில் வால்வுப் பகுதிக்கு மெதுவாகவே ஏறும். பில்டரின் வழியே நுழைய இயலாமல், அதன் மாற்றுவழியைத் திறந்துகொண்டு வடிகட்டப்படாமலே சுற்றும். இயந்திரத்தை இழுத்துப் பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கச் செய்யும்.

ஆதலால், சகோதரரே, எண்ணெய் வாங்கக் கடைக்குச் செல்லுமுன் நோயைக் கண்டறியுங்கள்.

இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பியதும் நீலப்புகை வந்து, சற்றுநேரத்தில் அடங்கிவிட்டால், வால்வு சீல்களும் வழிகாட்டிக் குழல்களும் தேய்ந்துள்ளன என ஐயுறலாம். மேட்டில் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் ஓயாது வந்தால், பிஸ்டன் ரிங்குகளைப் பாருங்கள். கம்ப்ரஷன் சோதனை செய்து, பின் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், அளவு உயர்வதைக் கொண்டு ரிங் தேய்வை உறுதி செய்யலாம். முன்னது சிறு செலவு; பின்னது பெருஞ்செலவு. இரண்டையும் பிரித்தறியாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது, காய்ச்சலின் காரணம் அறியாமல் போர்வையை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

அடுத்து, டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வீசுகிறதா? எண்ணெய் மட்டம் குறைவதற்கு மாறாக உயர்ந்திருக்கிறதா? இவ்வண்டிகளின் பெட்ரோல் பம்பினுள் உள்ள டயாஃப்ரம் கிழிந்தால், பெட்ரோல் கசிந்து எண்ணெயில் கலக்கும். எந்தத் தடித்த எண்ணெயும் அப்போது நீர்த்துப்போகும், விளக்கும் கண்சிமிட்டும். பம்பைச் சரிசெய்யாமல் 50 அன்று, 60 ஊற்றினாலும் பயனில்லை. தீப்பற்றும் அபாயமும் இருப்பதால், சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இவை ஏதுமில்லையெனில், உண்மையான அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். சில வேளை விளக்கின் சுவிட்சே பழுதாக இருக்கும். அழுத்தம் உண்மையிலேயே குறைவென்றால், ஆயில் பம்பையும் பேரிங்கையும் பார்க்க வேண்டும். அதுவரை ஓடும்போது விளக்கு நிலையாக எரிந்தால், வண்டியை ஓரங்கட்டி உடனே நிறுத்துங்கள். 'இன்னும் இரண்டு மைல்தானே' என்ற அலட்சியம் இயந்திரத்தையே விழுங்கிவிடும்.

இயந்திரம் நலமென்று தெரிந்தால் கையேடு கூறும் தரத்தையே இடுங்கள். தேய்வு ஓரளவு உண்டு, எண்ணெயும் சற்றே குறைகிறது என்றால் 20டபிள்யூ-50 இடுங்கள். இயந்திரம் வெதுவெதுப்பாக இருக்கையில் பழையதை வடித்து, பில்டரையும் மாற்றுங்கள். சமதரையில் நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து மட்டம் பாருங்கள்; மேற்கோட்டைத் தாண்ட விடாதீர்கள். வண்டி குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று. ஏனெனில் குறுந்தூர ஓட்டத்தில் ஈரமும் பெட்ரோலும் எண்ணெயில் தங்கிவிடும். வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். பழைய எண்ணெய் வாங்குவோரிடம் ஒப்படையுங்கள்.

இறுதியாக அந்த மூன்றாமவரின் யோசனை. தடித்த எண்ணெய் சில நாள் புகையை அடக்கும், சத்தத்தையும் அமுக்கும். வாங்குபவர் மகிழ்ந்து பணம் தருவார். ஆனால் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் செல்கையில் அவருடைய வண்டி நின்றுவிட்டால்? பொருளின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். அரிசிக்குள்ள நெறியே காருக்கும் உண்டு. விற்பதானால், "இது புகைக்கிறது, இந்தப் பழுது இருக்கிறது" என்று வாய்திறந்து சொல்லி விற்றுவிடுங்கள். சில ஆயிரம் குறையலாம். வாப்பாவின் பெயர் குறையாது.

விற்க மனமில்லையெனில், மேற்கண்ட சோதனைகளைச் செய்து முடிவை எழுதுங்கள். வால்வு சீல்தான் காரணமென்றால், அவர் அமர்ந்து ஓட்டிய அதே இருக்கையில் நீங்களும் இன்னும் பல காலம் அமர்ந்து ஓட்டலாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.