குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில் நம் வயதுக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. பேச்சு வரத் தாமதமானால் "மந்தம்" என்போம். ஓயாமல் கத்தினால் "பிடிவாதம், எல்லாம் அம்மா கொடுக்கிற செல்லம்" என்போம். சுவரில் தலையை மோதிக்கொண்டால் மந்திரிக்கச் சொல்வோம். கடைசியில் பழி வந்து விழுவது பெற்றவள் தலையில்தான். கிரகணத்தன்று வெளியே போனாளாம், மாசமாக இருந்தபோது எதையோ தின்றாளாம்.

அரசு ஆஸ்பத்திரி லேபில் 33 வருடம் ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒரு குழந்தையின் குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதன் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

1934ஆம் ஆண்டு, நார்வே நாடு. ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள். பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். வளர வளர இருவருக்கும் மூளை வளர்ச்சி குன்றிப் போனது. எத்தனையோ டாக்டர்களிடம் காட்டியும் பதில் இல்லை. பிள்ளைகள் மேல் ஒரு விநோதமான வாடை அடிக்கிறது என்பதையும் அவள் கவனித்திருந்தாள். அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். அவர் வேதியியலும் படித்தவர். பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடை விட்டுப் பார்த்தார். யாரும் எதிர்பார்க்காத பச்சை நிறம் வந்தது. பிறகு மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் இருந்த 430 பேரைச் சோதித்தார். இன்னும் எட்டுப் பேருக்கு அதே பச்சை.

ஃபீனைல்கீட்டோனூரியா என்று இன்று அந்த நோய்க்குப் பெயர். விஷயம் இதுதான். பால், பருப்பு, முட்டை, கறி எல்லாவற்றிலும் இருக்கும் புரதத்தில் ஃபீனைல்அலனின் என்று ஒரு பொருள் உண்டு. நம் ஈரலில் உள்ள ஒரு என்சைம் அதை வேறு பொருளாக மாற்றிவிடும். அந்த என்சைம் பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைக்கு அது ரத்தத்தில் தேங்கும். மூளைக்குப் போக வேண்டிய மற்ற சத்துக்களை வழிமறிக்கும். தாய்ப்பால்கூட அந்தக் குழந்தைக்கு அளவு மீறினால் விஷம்தான்.

நம்மில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். காபியில் போடும் அஸ்பார்டேம் மாத்திரை டப்பா வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு உகந்ததல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். இவர்களுக்காகத்தான் அந்த எச்சரிக்கை.

இதற்கு என்ன வைத்தியம்? இருபது வருடம் கழித்து அதற்கும் வழி பிறந்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று. நிற்காது, நடக்காது, யாரையும் பார்க்காது. எந்நேரமும் அழுகை, தலையை மோதிக்கொள்ளல். ஹார்ஸ்ட் பிக்கெல் என்ற டாக்டரும் உடன் இருந்தவர்களும் ஃபீனைல்அலனினை நீக்கிய உணவு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார்கள். சில மாதங்களில் குழந்தை தவழ ஆரம்பித்தது. தலையை மோதுவது நின்றது. மருந்தின் வேலைதானா என்று உறுதி செய்ய, பெற்றவளுக்கும் சொல்லாமல் அதே பொருளை உணவில் திரும்பச் சேர்த்தார்கள். இன்றைக்கு அப்படிச் செய்ய விடமாட்டார்கள். சில நாட்களுக்குள் பழைய அழுகையும் தலை மோதலும் திரும்ப வந்துவிட்டன. 1953இல் இதை வெளியிட்டார்கள்.

நான் இதைப் படித்த அன்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அதே பிள்ளை, தாய் அதே தாய், வளர்ப்பும் அதே வளர்ப்பு. மாறியது உணவில் ஒரு பொருள் மட்டும். அந்தப் பிள்ளையின் அழுகையைப் பிடிவாதம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆனால் அந்தக் குழந்தைக்கு வைத்தியம் தொடங்கியதே தாமதம். கெட்டுப்போன மூளையை முழுதாக மீட்க முடியாது. அறிகுறி தெரிவதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்பவர் 1960களின் தொடக்கத்தில் அதற்கு வழி செய்தார். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, சொட்டு ரத்தத்தை வடிதாளில் உலர வைத்துச் சோதிப்பது. அவருக்கே மனவளர்ச்சி குன்றிய மகன் ஒருவன் உண்டு. இந்தச் சோதனையில் ஆரம்பத்திலேயே பிடிபட்டு, உணவுக் கட்டுப்பாட்டோடு வளரும் பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே படித்து வேலைக்குப் போகிறார்கள். கட்டுப்பாட்டை விட்டால் கவனம் சிதறும், எரிச்சல் வரும், மனம் சோரும்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி" என்று சிலர் சொல்லலாம். ஃபீனைல்கீட்டோனூரியா நம் பக்கம் அபூர்வம்தான். ஆனால் இந்த வகைப் பிறவிக் கோளாறுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் குழந்தையைத் தாக்கும். இருவருக்கும் வெளியே ஒரு குறையும் தெரியாது. ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இதில் மருமகளின் பங்கு எவ்வளவோ, நம் மகனின் பங்கும் அவ்வளவே.

சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடும். நம் தமிழ்நாட்டில் கால்வாசிக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் சொந்தத்துக்குள் நடப்பவை. நானும் மாமன் மகளைத்தான் கட்டினேன், என் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். அக்கா மகள், அத்தை மகன் என்று கட்டிய பெரும்பாலான வீடுகளிலும் அப்படித்தான். அதற்காக, குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த பச்சைக் குழந்தைகளையும், வளர்ச்சி குன்றிய பிள்ளைகளையும் மூடி மறைத்துவிட்டுச் சம்பந்தம் பேசக் கூடாது. அந்தக் கதைகள் தெரிந்தவர்கள் நாம்தான். நாம்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எல்லாம் பிறந்த உடனேயும் வருவதில்லை. வில்சன் நோய் என்று ஒன்று. உடம்பில் செம்பு தேங்கி ஈரலையும் மூளையையும் தாக்கும். நன்றாகப் படித்த பையன் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் திடீரென்று படிப்பில் சறுக்குவான். கையெழுத்து கோணலாகும், பேச்சு குழறும், எச்சில் ஒழுகும், கோபம் வரும். சேர்க்கை சரியில்லை என்று அடிப்பவர்களும் உண்டு, பேய் என்று கோயிலில் கட்டி வைப்பவர்களும் உண்டு. இதற்கு மாத்திரை இருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால் நன்றாகவே கேட்கும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். கூடப் பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரிகள் சோதனை என்ற பெயரில் பணம் பிடுங்குகின்றன என்ற உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வேண்டாத சோதனைகள் எத்தனையோ நானே பார்த்திருக்கிறேன். இந்தக் குதிகால் சோதனை அந்த ரகம் அல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வராத தைராய்டு குறைபாடும் இதே சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். நம் நாட்டில் அது அபூர்வமும் அல்ல. மலிவான ஒரு மாத்திரையைத் தினமும் கொடுத்தால் குழந்தையின் மூளை தப்பிக்கும். கேரளத்தில் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இத்தகைய சோதனையைச் செய்கிறார்கள். பிரசவம் நடக்கும் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும், தாலுகா அளவில்கூட, எந்தக் குழந்தையும் விடுபடாமல் இது நடக்க வேண்டும் என்பது என் கருத்து. நாம் கேட்காமல் எதுவும் வராது.

மந்தமான பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு இருக்காது. ஆனால் இருக்கும் அந்த ஒரு சிலருக்கு நாட்கள் முக்கியம்.

பேரனோ பேத்தியோ பிறக்கப் போகிற வீடாக இருந்தால், நாள் நட்சத்திரம் குறிக்கும்போதே இதையும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்து, பால் குடிக்க ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில், வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் குழந்தை டாக்டரிடம் குதிகால் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். பால் குடித்த பிறகு குழந்தை சோர்ந்து சோர்ந்து தூங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, சிறுநீரில் புது வாடை அடித்தாலோ, கற்ற வித்தையை மறந்தாலோ உரை மருந்தோடு நிறுத்திக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வாடை அடிக்கிறது என்று மருமகள் சொன்னால், "உனக்கு எல்லாம் பிரமை" என்று சொல்லாதீர்கள்.